பஞ்சில் ஒட்டிய சிவப்பு

என் மாமனாருடைய காரின் பானெட் ஓரத்தில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் புள்ளி இருக்கிறது. கார் சிவப்பு. புள்ளியைப் போட்டவன் நான்.

சென்ற பொங்கல் விடுமுறைக்குத் திருச்சி போயிருந்தோம். மாமா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய கார் அது. தினமும் காலையில், பேப்பரைப் பிரிப்பதற்கும் முன்னால், ஒரு பழைய துண்டை எடுத்து அதைத் துடைத்துவிடுவார். ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அன்று சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோலக் கீறல்கள் தெரிந்தன. "மாமா, இத நானே எடுத்துடறேன்" என்றேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்திருந்த தைரியம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பாலிஷ் மிஷின் ஒன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஏழு அங்குலத் தட்டு, கூடவே ஒரு கம்பளி பேட், ஒரு டப்பா காம்பவுண்டு.

நான் பார்த்த வீடியோ ஒன்றில் ஒரு பழைய சிவப்புக் காரைத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பஞ்சு சிவப்பாகும், கார் பளபளவென்று ஆகும். ஆகவே என்னுடைய கம்பளி பேட் லேசாக ரோஸ் நிறமானபோது எனக்குச் சந்தோஷம்தான். "பாருங்க மாமா, எவ்ளோ அழுக்கு!" பத்து விநாடி கழித்து மிஷினைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்கு நடுவில் சாம்பல். பிரைமர்.

மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "பரவால்ல மாப்ள, தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது. உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் பக்கத்துத் தெருவில் இருந்த டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெயின்டருக்கு எழுபதை ஒட்டிய வயது. புள்ளியின் மேல் விரலை வைத்து ஒருமுறை தடவினார். "ஓரத்துல மிஷின நிறுத்திட்டீங்களா தம்பி?" "ஆமாங்க." "பஞ்சு செவப்பாச்சா?" "ஆச்சு." "அப்பவே நிறுத்தியிருக்கணும். இது என்.சி. இல்ல தம்பி, போட்டுத் தேய்க்கறதுக்கு. என்.சி.ன்னா பஞ்சுல கலர் வரும், வரணும். நாங்க எட்டு கோட் அடிப்போம், அதுல ரெண்டு தேய்க்கறதுக்குன்னே அடிக்கிறது. இது கிளியர். இதுல கலர் வந்துச்சுன்னா கத முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஊர் திரும்பும்போது ரயிலில் தூக்கம் வரவில்லை. என்.சி. என்ற இரண்டெழுத்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நைட்ரோசெல்லுலோஸ். நான் செய்த தவறின் வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

கார் வருவதற்கு முன்பு குதிரை வண்டிகள் இருந்தன. அவற்றுக்கு வண்ணம் பூசுவது தனிக் கலை. எண்ணெய் வண்ணத்தை ஒரு பூச்சு பூசிக் காயவிட வேண்டும். காய்வதற்கு நாள் கணக்காகும். காய்ந்ததும் படிகக்கல்லைப் பொடித்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன்படுத்துவார்கள். படிகக்கல் என்றால் எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகிய, தண்ணீரில் மிதக்கும் அந்தக் கல். பிறகு அடுத்த பூச்சு. இப்படிப் பல பூச்சுகள் ஏறி, கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடியச் சில வாரங்கள் ஆகும். ஆரம்பகால கார்கள் உடம்பால் குதிரை வண்டிகளே. ஆகவே அதே பெயின்டர், அதே வார்னிஷ், அதே காத்திருப்பு.

ஹென்றி ஃபோர்டின் டி மாடல் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்பு பச்சை, சிவப்பு, நீலத்தில்கூட வந்துகொண்டிருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. ஓடும் பட்டியில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு காரைப் பூட்டிவிட முடிந்தபோது, பெயின்ட் காய்வதற்காகக் காத்திருப்பது கேலிக்கூத்தாகிவிட்டது. தார் சார்ந்த, அடுப்பில் வைத்துச் சுடக்கூடிய கறுப்பு எனாமல் மலிவு, உறுதி, நிர்வாகத்துக்கும் வசதி. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு பாட்டில்நெக்கைச் சமாளிக்க எல்லா ஆப்ஷன்களையும் தூக்கிவிட்டார்கள்.

அந்த அடைப்பைத் திறந்தது வெடிமருந்து. பருத்தியை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்தால் கிடைப்பது நைட்ரோசெல்லுலோஸ். 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் அதன் வெடிக்கும் குணத்தை அறிவித்தார். துப்பாக்கிப் பஞ்சு என்றே அதற்குப் பெயர். நீலகிரியில் அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்தும் நிற்கிற தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் கார்டைட்டில் பாதிச் சரக்கு இந்தப் பஞ்சுதான். இன்னொரு பக்கம் அதே பொருள் சினிமா ஃபிலிமாகவும் ஆனது. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் அப்படிப் பற்றி எரிந்ததற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் முதல் உலகப்போரில் வெடிமருந்து விற்றுக் கொழுத்தது. போர் முடிந்ததும் ஆலைகளையும் வேதியியலாளர்களையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1920இல் அவர்களுடைய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஃபிலிம் தொடர்பான வேலையின்போது, எதிர்பாராமல், மிகவும் நீர்த்த ஒரு நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் கிடைத்தது. கெட்டியாக இல்லாததால் அதில் நிறையச் சாயப்பொடியைக் கலக்க முடிந்தது, துப்பாக்கியால் பீய்ச்சியடிக்க முடிந்தது. அடித்தால் நிமிடங்களில் காய்ந்தது. அதற்கு வைத்த பெயர் டூகோ. டூபான்ட் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் பெரும் பங்குதாரர். ஆகவே 1924ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் கார் நீல நிற டூகோவோடு கடைக்கு வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. காருக்கு மறுபடி நிறம் கிடைத்தது. இந்த நெருக்கத்தின் விலையையும் பிற்காலத்தில் கொடுத்தார்கள். 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டூபான்ட்டின் பங்குகள் போட்டியைக் கெடுக்கின்றன என்று தீர்ப்பளித்தபோது, வழக்கின் மையத்தில் இருந்த சரக்குகளில் ஒன்று கார் பெயின்ட்.

டூகோ என்ற சொல் அமெரிக்காவிலேயே நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் கார் பெயின்டுக்கே பொதுப்பெயர் அதுதான். நம்மூரில் அலமாரிக்கும் கதவுக்கும் ஸ்பிரே அடிக்கிறவர்கள் இன்றைக்கும் "டூகோ அடிச்சுடலாம் சார்" என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வெடிமருந்துக் கம்பெனியின் விற்பனைப் பெயர் அது.

*

இந்த லாக்கருக்கு ஒரு குணம் உண்டு. அது கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. அதனால் காய்ந்தபின் மேற்பரப்பு மங்கலாகவும் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிபுள்ளியாகவும் இருக்கும். பளபளப்பு தானாக வராது, தேய்த்துத்தான் வரவழைக்க வேண்டும். அந்தப் பெயின்டர் சொன்ன "தேய்க்கறதுக்குன்னே ரெண்டு கோட்" என்பதன் பொருள் இதுதான். வெயிலில் கிடந்தால் மேல்படலம் சுண்ணாம்புபோலப் பூத்துப்போகும். அதையும் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம். சாயமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்ததால் பஞ்சில் நிறம் ஒட்டியது. அது கெட்ட சகுனம் அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்தத் தேவையின் மீது ஒரு தொழிலே எழுந்தது. 1901இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் செய்யத் தொடங்கிய ஃபிராங்க் மெகையரின் குடும்பம் கார் பாலிஷுக்கு நகர்ந்தது. சிகாகோவின் சைமனைஸ் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே ஆனது. மெழுகுக்காக ஒரு பயணம்கூட நடந்தது. 1935இல் ஜான்சன் மெழுகு நிறுவனத்தின் தலைவர் ஹெச். எஃப். ஜான்சன், தண்ணீரிலும் இறங்கக்கூடிய ஒரு சிகோர்ஸ்கி விமானத்தில் பிரேசிலின் வடகிழக்குக்குப் பறந்தார். அங்கே வளரும் கார்னாபா பனையின் ஓலையில் படியும் மெழுகு தொடர்ந்து கிடைக்குமா என்று நேரில் பார்க்க! வறண்ட காற்றில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் தனக்காகச் சுரந்துகொள்வது அது. அதைச் சுரண்டியெடுத்து நாம் காருக்குப் பூசுகிறோம்.

கையால் தேய்த்தவர்கள் மிஷினுக்கு மாறினார்கள். சுற்றும் பாலிஷ் மிஷினின் உடல்வாகு ஆங்கிள் கிரைண்டரின் உடல்வாகுதான். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954இல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. அந்தக் கருவியால் அறுப்பதற்கே ஜெர்மன் மொழியில் 'ஃபிளெக்ஸன்' என்று வினைச்சொல் உண்டு. இரும்பை அறுக்கிற அந்த அமைப்பில் வேகத்தைக் குறைத்து, சக்கரத்துக்குப் பதில் கம்பளியை மாட்டினால் ரோட்டரி பாலிஷர். தடித்த, மென்மையான, தேய்க்கவென்றே அடித்த லாக்கருக்கு அது பொருத்தமான கருவி. கை பழகிய ஆள் பிடித்தால் அரைநாளில் ஒரு அம்பாசிடரைக் கண்ணாடியாக்கிவிடலாம்.

பிறகு பெயின்ட் மாறியது. 1950களின் பின்பாதியில் அக்ரிலிக் லாக்கர்கள் வந்தன. மெட்டாலிக் நிறங்களில் மக்களுக்கு மோகம் பிறந்தது. அந்த மினுமினுப்புக்குக் காரணமான அலுமினியத் துகள்கள் மேலேயே இருந்தால் வெயிலும் மழையும் அவற்றைக் கெடுத்துவிடும். ஆகவே நிறத்தை மெல்லிய அடுக்காகப் பூசி, அதன்மேல் நிறமே இல்லாத ஒரு காப்பு அடுக்கைப் பூசினார்கள். அதுதான் கிளியர்கோட். 1980களில் இது பரவலாகி, பிறகு ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. சூட்டில் மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்து இறுகும் பூச்சு இது. வரும்போதே பளபளப்போடு வருகிறது. தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் வடிவமைத்தது.

சிக்கல் என்னவென்றால் பெயின்ட் மாறிய வேகத்தில் கருவியும் பழக்கமும் மாறவில்லை. பட்டறைகளில் அதே ரோட்டரி, அதே கம்பளி, "ரப்பிங் போட்டுடலாம்" என்ற அதே வாக்கியம். நான் வாங்கியது 1960களின் பூச்சுக்கான மிஷின். தேய்த்தது இந்த நூற்றாண்டின் பூச்சை.

*

எவ்வளவு மெல்லிய பூச்சு? ஒரு காரின் மொத்தப் பெயின்ட், தகரத்தின் மேல் இருக்கும் பிரைமரையும் சேர்த்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர்கோட் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சமாச்சாரமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் சில மைக்ரான் போகிறது. கீறலை 'எடுப்பது' என்று நாம் சொல்வது உண்மையில் கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் உள்ளதைத் தேய்த்து இறக்குவது. பள்ளத்தை நிரப்புவதில்லை, மேட்டை வெட்டுகிறோம்.

என் தொழிலில் எந்தத் தவறுக்கும் பின்னால் போக வழியுண்டு. பழைய வெர்ஷன் எங்காவது இருக்கும். இங்கே அப்படி இல்லை. போன மைக்ரான் போனதுதான்.

கீறல்கள் ஏன் வட்டவட்டமாகத் தெரிகின்றன என்பதும் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. மாமா என்ன வட்டமாகவா துடைத்தார்? இல்லை. எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாக இழைகள் தெரியும். தட்டைத் திருப்பினாலும் வளையம் அங்கேயே நிற்கும். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் அமைந்தவை மட்டும் தெரிகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. சிலந்தி வலையைப் பின்னுவது நம் கண்.

இப்போது நான் செய்த காரியத்தின் கணக்கு. ஏழு அங்குல பேடின் சுற்றளவு சுமார் 56 செ.மீ. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 50 கி.மீ. நான் வைத்திருந்தது 3,000. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கம்பளி விளிம்பை, பானெட்டின் ஓரத்தில், ஒரே இடத்தில் பத்து விநாடி அழுத்திப் பிடித்திருக்கிறேன். ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. ஈரமாக இருக்கும்போதே அது ஓரத்தைவிட்டு விலகி ஓடிவிடும். கைப்பாரம் முழுக்க அந்த ஒரு கோட்டில் விழும். கதை முடிந்துதானே ஆக வேண்டும்?

*

மெல்லிய பூச்சுக்கான கருவி மரவேலைப் பக்கத்திலிருந்து வந்தது. மரத்தை உப்புத்தாள் போட்டு இழைக்கும்போது ஒரே வட்டத்தில் சுற்றினால் கோடு விழும். ஆகவே தட்டை அச்சிலிருந்து கொஞ்சம் விலக்கி மாட்டி, சின்ன வட்டமாக அலையவிட்டு, கூடவே தன் போக்கில் சுழலவும் விட்டார்கள். எந்தப் புள்ளியும் அதே தடத்தில் திரும்பி வராது. அமெரிக்காவின் போர்ட்டர்-கேபிள் கம்பெனியின் 7424 என்ற மாடல் இந்த வகையில் கார் பாலிஷுக்குப் பெயர் வாங்கியது. வீட்டு வாசலில் சொந்தக் காரைத் தேய்த்துப் பார்க்க ஒரு தலைமுறைக்குத் தைரியம் கொடுத்தது அந்த மிஷின். இதைத்தான் டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. என்கிறோம்.

டி.ஏ.வின் நல்ல குணம் அதன் பலவீனம். தட்டு ஒரு பேரிங்கில் சும்மா தொங்குகிறது, மோட்டார் அதை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அதிகமாக அழுத்தினால் சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். வேகக் கணக்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 4,500 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. வட்டத்தில் அலையும் மிஷினில் அந்த அசைவு மணிக்கு 7 கி.மீ. 15 மி.மீ. என்றால் 13, 21 மி.மீ. என்றால் 18. ரோட்டரியின் ஐம்பதோடும் நூறோடும் ஒப்பிட்டால் நடைக்கும் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வேகம். போர்ட்டர்-கேபிளின் அலைவு ஏறக்குறைய 8 மி.மீ. பாதுகாப்பு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். 2010களின் தொடக்கத்தில் இத்தாலியின் ரூபஸ் நிறுவனம் 15, 21 மி.மீ. அலைவோடு மிஷின்களைக் கொண்டுவந்தபோது வேலை வேகமானது, பாதுகாப்பும் பெரிதாகக் குறையவில்லை. இடையில் பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுழலும் ஒரு வகையும் உண்டு. அது நிற்காது, ஆகவே மன்னிக்கவும் மன்னிக்காது.

முதன்முதலில் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: ஐந்து அங்குலத் தட்டும் 8 முதல் 15 மி.மீ. வரை அலைவும் உள்ள, தானாகச் சுழலும் டி.ஏ. இந்தியக் கார்களின் வளைவுகளுக்கு 21 மி.மீ. மிஷினின் பெரிய பேட் பல இடங்களில் படியாது. தட்டின் அளவை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் எதிர்எடை குறிப்பிட்ட தட்டுக்கும் பேடுக்கும் கணக்கிட்டு வைத்தது. மாற்றினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். பேட் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். தட்டின் விளிம்பு பெயின்டைத் தொடவே கூடாது. தட்டின் பின்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுற்றுவது தெரியும்வரை வேலை நடக்கிறது. நின்றுவிட்டால் கை அழுத்துகிறது என்று அர்த்தம்.

மிஷினைவிட பேட்தான் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. ஒரு பேடைக் கையில் எடுத்தால் இருபதாம் நூற்றாண்டே கைக்குள் இருக்கிறது. அதன் நுரை பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த வேதியியல் அது. தட்டில் 'சர்ரக்' என்று ஒட்டிக்கொள்கிறதே வெல்க்ரோ, அது ஸ்விட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களைப் பார்த்து யோசித்தது. மைக்ரோஃபைபர் பேட் என்றால், 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ செய்த மிக நுண்ணிய இழைகளின் வழித்தோன்றல்.

கம்பளி அதிகம் வெட்டும். அடுத்தது மைக்ரோஃபைபர், பிறகு கெட்டியான நுரை, கடைசியில் மிருதுவான நுரை. மிருது ஏற ஏற வெட்டு குறையும், பளபளப்பு கூடும். பேடின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு அல்ல. காம்பவுண்டும் பேடும் சேர்ந்துதான் ஒரு கருவி. கெட்டியான பேடில் மென்மையான பாலிஷ் போட்டால் ஒரு விளைவு, மென்மையான பேடில் கெட்டியான காம்பவுண்டு போட்டால் வேறொரு விளைவு. அதனால் ஒன்றிரண்டு பேடோடு ஆரம்பிக்கவே கூடாது. நடுத்தரத்தில் நான்கு, மிருதுவாக இரண்டு, ஓரங்களுக்கு மூன்று அங்குலத்தில் ஒன்றிரண்டு. சூடும் பெயின்ட் தூளும் ஏறிய பேட் வெட்டாது, கீறும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் துடைத்து, முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

தொடங்குவது எப்போதும் குறைந்த வன்மையிலிருந்து. நன்றாகக் கழுவிய காரில், இரண்டடிக்கு இரண்டடி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, மிருதுவான பேடிலும் மென்மையான பாலிஷிலும் நாலைந்து சொட்டு விட்டு முயன்று பாருங்கள். போதவில்லை என்றால்தான் ஒரு படி மேலே. ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள். கிளியர்கோட் உள்ள காரில் பஞ்சில் நிறம் வந்தால் அந்த நொடியே மிஷினைத் தூக்குங்கள். நூறு வருடத்தில் ஒரே அறிகுறியின் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாகி 1933இல் நிழல்களைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வெள்ளிப் பாத்திரம் பளபளப்பதைவிடக் கறுத்துப்போயிருப்பதே தனக்குப் பிடிக்கும் என்கிற மனிதர் அவர். பழைய பொருள்களின் அழகில் கை பட்டுப் பட்டுச் சேர்ந்த அழுக்குக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். டூகோ வந்த பத்தாண்டுக்குள் எழுதியது. உலகமே எதையாவது தேய்த்துக்கொண்டிருந்த காலம்.

எனக்கு அவரோடு முழுதாக உடன்பாடில்லை. தேய்த்து முடித்த ஒரு கதவில் எதிர்வீட்டு வேப்பமரம் இலை இலையாகத் தெரியும்போது வரும் சந்தோஷம் பொய்யல்ல. ஆனால் பானெட்டின் அந்தச் சிலந்தி வலை அழுக்கு அல்ல என்பதும் இப்போது தெரிகிறது. ஆறு வருடத்துக் காலைகள் அவை, சுமார் இரண்டாயிரம் முறை துண்டை எடுத்ததன் தடம். கவனிக்காமல் விட்ட காரில் தூசி இருக்கும், இத்தனை கீறல் இருக்காது.

ஜூனில் மறுபடி திருச்சி போனபோது டி.ஏ. மிஷினோடு போனேன். இரண்டு நாள், நிழலில், மிருதுவான பேடில் ஒரே சுற்று. எல்லாக் கீறலும் போகவில்லை, போகவைக்கவும் நான் முயலவில்லை. இன்னும் பத்து வருடத்துக்கு அந்த மைக்ரான்கள் வேண்டும். பானெட்டை மறுபடி பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். "கம்பெனி பெயின்ட எதுக்கு மாப்ள எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். துருப்பிடிக்காமல் இருக்கப் புள்ளியின் மேல் டச்சப் பெயின்டைச் சின்ன பிரஷ்ஷால் நானே வைத்தேன். சிவப்பு சரியாகச் சேரவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும்போது நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் துணி நான்கு வாங்கிக் கொடுத்தேன். "இனிமே இதுல தொடைங்க மாமா, காஞ்ச தூசில தொடைக்காதீங்க, மொதல்ல தண்ணி ஊத்திடுங்க" என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

போன வாரம் வீடியோ காலில் பேசினோம். மாமா என் துணி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நல்ல துணி மாப்ள, ஒரு கோடு விழல" என்றார். பின்னால் வாசலில் கார் தெரிந்தது. அதன் பானெட்மேல் அந்தப் பழைய துண்டு மடித்து வைத்திருந்தது.